மச்சான் இல்லாத படகு

சீடனுக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு நாற்பத்தாறு. சீடனுக்குத் தலை முழுக்க நரை. குருவுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. கதையென்றால் தாடிக்கார குருவும் அரும்பு மீசைச் சீடனும்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், அவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இங்கே ஆள் மாற்ற முடியாது.

சீடன் பெயர் தணிகாசலம். கார்ட்டூன் படம் எடுப்பவர். குருவின் பெயர் பியூலா. சாலிகிராமத்தில் மாடி வீட்டு ஹாலில், கதையைப் படம் படமாக வரைந்து சொல்வது எப்படி என்று சனி, ஞாயிறுகளில் வகுப்பெடுப்பவர். ‘நன்றாக வரைவான், கதை மட்டும் வராது’ என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியிருந்த தணிகாசலம், நாற்பது வயதுக்கு மேல் அங்கே போய்ச் சேர்ந்து, தன் மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து வயதைப் பார்க்காமல் ‘டீச்சர்’தான்.

அந்த டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டார். “கிளைமாக்ஸ் எப்படி எழுதணும்?” என்று ஒருவன் கேட்டதற்கு, கதவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேறு பாடம் நடத்தினார். வகுப்பில் பாதிப் பேருக்கு அவசரம் வந்து நெளிய ஆரம்பித்த பிறகுதான் திறந்துவிட்டார். கேட்டவன் தலைதெறிக்க ஓடினான். பதில் அவ்வளவுதான்.

இதெல்லாம் தெரிந்தும் அந்தச் சனிக்கிழமை மதியம் தணிகாசலம் அந்த மாடிப்படி ஏறினார் என்றால், வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

“வாங்க சார். சாப்ட்டாச்சா?”

“சாப்பாடா? சோறு தொண்டையில இறங்கியே நாளாச்சு டீச்சர்.”

“அப்ப மோர் தாரேன்.”

“மோரெல்லாம் வேணாம் டீச்சர். சாயங்காலம் கோதண்டபாணி போன் பண்ணுவாரு. படத்தை எப்படிச் சரி பண்ணப் போறேன்னு ஒரு பதில் சொல்லணும். சொல்லலன்னா படம் என் கையை விட்டுப் போயிடும். வேற டைரக்டரைப் பேசி வச்சிட்டாரு. நாலு வருஷ உழைப்பு டீச்சர், நாலு வருஷம்!”

டீச்சர் உள்ளே போய் மோர்தான் கொண்டுவந்தார். தணிகாசலமும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, குடித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டார்.

கோதண்டபாணி, படத்துக்குப் பணம் போட்டவர். நல்ல மனிதர். சத்தம் போட மாட்டார். ‘பாத்துக்கலாம் சார்’ என்பார். அவர் ‘பாத்துக்கலாம்’ என்றால் வேறு ஆளைப் பார்த்துவிட்டார் என்று பொருள்.

“என்ன படம் சார்?”

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. “‘ஒரே மூச்சு’ டீச்சர்! நாடே அதைப் பத்திப் பேசுது!”

“பேரு கேட்டிருக்கேன்.”

கேட்டிருக்கிறாராம். தமிழ்நாட்டில் கைபேசி வைத்திருப்பவன் எவனும் அந்த விளையாட்டை விளையாடாமல் இல்லை. பஸ்ஸில் விளையாடுகிறான், கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போது விளையாடுகிறான், டாக்டர் ஊசி போடும்போது மறு கையால் விளையாடுகிறான். விளையாட்டு ஒன்றும் பிரமாதம் இல்லை. சவரி என்று ஒரு முத்துக்குளிப்பவன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு படகிலிருந்து கடலுக்குள் குதிப்பான். கீழே சிப்பி இருக்கும், குகை இருக்கும், சுறா இருக்கும். திரை ஓரத்தில் அவன் மூச்சு நீலக் கோடாகக் குறைந்துகொண்டே வரும். கோடு தீர்வதற்குள் முத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். பேராசைப்பட்டால் செத்தான். மறுபடி முதலிலிருந்து.

இதைப் படமாக எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட நாளில் தணிகாசலம் வீட்டில் எல்லோருக்கும் கேசரி கிண்டச் சொன்னார். ‘ஊரே விளையாடுது, ஊரே வந்து பாக்கும்’ என்று கணக்குப் போட்டார். பிடித்தது சனியன் என்று அப்போது தெரியவில்லை.

“முதல்ல ஒரு கதை பண்ணினேன் டீச்சர். சவரிக்கு ஒரு அம்மா, ஒரு எதிரி, பேசற ஆமை ஒண்ணு. கொஞ்சம் வெளிய விட்டோம். இன்டர்நெட்டில என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டானுங்க. ‘கேம்ல ஆமை எங்கய்யா பேசுச்சு?’ன்னு. ‘சவரி இவ்வளவு மக்கா? எங்க வீட்டுப் பாப்பாகூட அந்தக் குகையில முட்டிக்காது’ன்னு. சரி, உங்க இஷ்டப்படியே எடுக்கறேன்டா சாமின்னு, ரிஷாத்தைக் கூப்பிட்டேன்.”

“அது யாரு?”

“இந்த கேம்ல நம்பர் ஒன் ஆளு. மதுரைக்காரன். கண்ணைக் கட்டிவிட்டாக்கூட சவரியை மேல கொண்டாந்துடுவான். அவனை உக்காரவச்சு விளையாட விட்டு, அப்படியே பதிவு பண்ணி, அதைப் பாத்து சவரியை வரைஞ்சோம். ஒரு தப்புக் கிடையாது டீச்சர். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போறான். சுறா வாயைத் திறக்கறதுக்குள்ள தாண்டிடறான். தண்ணிக்குள்ள வெளிச்சம், பாசி, சிப்பி, ஒவ்வொண்ணும் பாத்துப் பாத்துப் பண்ணியிருக்கோம்.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் போன வாரம் ஒரு தியேட்டர்ல போட்டுக் காட்டினோம்.” தணிகாசலம் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமா அது? “படம் ஓடுது. நான் பின்னாடி நிக்கறேன். கொஞ்ச நேரத்துல இருட்டுல பளிச்னு ஒரு வெளிச்சம். ஒருத்தன் போனை எடுத்துட்டான். சரி, ஏதோ அவசரம்னு நினைச்சேன். பக்கத்துல இன்னொருத்தன். அந்தக் கடைசில ஒரு பொண்ணு. மெதுவா குனிஞ்சு எட்டிப் பாத்தா, என்ன பண்றாங்கன்னு நினைக்கறீங்க?”

“என்ன?”

“‘ஒரே மூச்சு’ விளையாடறாங்க டீச்சர்! திரையில என் சவரி நீந்தறான். அதைப் பாக்காம மடியில வேற சவரியை நீந்த விடறானுங்க! என் தியேட்டர்ல! என் ஏசில!”

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

“சிரிக்காதீங்க டீச்சர், வயித்தெரிச்சல்.”

“சரி, சிரிக்கல. நல்லா விளையாண்டாங்களா?”

“யாரு?”

“தியேட்டர்ல.”

“கண்றாவி! எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவன் முதல் குகையிலயே மாட்டிக்கிட்டான். வலது பக்கம் வழி இருக்கு, குருட்டுப்பய இடது பக்கமே முட்டிக்கிட்டு இருக்கான். மூச்சு தீர்ந்து செத்தான்.”

“அதை நின்னு பாத்தீங்களோ?”

“பாத்தேன்.”

“உங்க படத்தை விட்டுட்டு?”

தணிகாசலம் மறுபடி உட்கார்ந்தார். இந்த மாதிரி குறுக்குக் கேள்வி கேட்பதில் டீச்சரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்காகவா ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தது?

“டீச்சர், நான் கேக்க வந்ததைக் கேட்டுடறேன். விளையாடறவன் கைக்கு வேலை இருக்கு. அமுக்கறான், தள்ளறான், திருப்பறான். தியேட்டர்ல டிக்கெட் வாங்கினவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். அந்தக் கையை நான் என்ன பண்றது? பாப்கார்னைத் தவிர அந்தக் கைக்கு நான் என்ன குடுக்கறது? அவ்வளவுதான் கேள்வி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இன்னிக்கு ஒரு நாளாவது நேரா பதில் சொல்லுங்க.”

டீச்சர் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். தணிகாசலத்துக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

“நான் அந்த கேம் விளையாண்டதே இல்லையே சார்” என்றார் டீச்சர்.

“டீச்சர்...”

“ஒரு தடவ விளையாண்டு பாக்கேன். எப்பிடிப் போடணும்?”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் குருவாயிற்றே. தணிகாசலம் பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சரின் போனை வாங்கினார். அது எந்தக் காலத்துப் போனோ. திரையில் கீறல், பேட்டரி சாகக் கிடந்தது. ஜன்னலோர நாற்காலியில்தான் டீச்சர் உட்காருவார். சார்ஜர் போடும் இடமோ சோபா பக்கத்தில். அதனால் நீளமான வெள்ளை வயர் ஒன்று சுவரிலிருந்து கிளம்பி, சோபாவில் இருந்த தணிகாசலத்தின் மடிமேல் ஏறி இறங்கி, டீச்சர் கையிலிருந்த போன்வரை போனது. தணிகாசலம் அதை எடுத்து ஓரமாகத் தள்ளினார். அது மறுபடி மடியில் வந்து விழுந்தது. இன்றைக்கு எல்லாமே இப்படித்தான்.

விளையாட்டு இறங்குவதற்குள் ஒரு யுகம் ஆனது. இடம் போதாது என்றது போன். எதையாவது அழிக்கச் சொன்னது. டீச்சர் நிதானமாக ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்து, “இது எங்க சித்தி மக கல்யாணம், இத அழிக்க முடியாது” என்றார். அப்புறம் விளம்பரம் வந்தது. டீச்சர் அந்த விளம்பரத்தையும் கடைசிவரை பார்த்தார்.

“அதைத் தள்ளிவிடலாம் டீச்சர்!”

“இருக்கட்டும், சமையல் எண்ணெய்தான், நல்லாருக்கு.”

மணி ஓடிக்கொண்டிருந்தது. கோதண்டபாணி எங்கோ உட்கார்ந்து போனைக் கையில் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஒருவழியாகக் கடல் வந்தது. படகு வந்தது. சவரி படகு விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் முண்டாசு கட்டிய ஒருவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இது யாரு?”

“அது மச்சான். அவனை விடுங்க. நடுவுல அமுக்குங்க, சவரி குதிப்பான்.”

“ஏன் மச்சான் வந்து நிக்கான்?”

“அந்தக் காலத்துல அப்படித்தானாம் டீச்சர். முத்துக் குளிக்கப் போறவன் கயித்தைப் பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன்தான் பிடிப்பானாம். கீழ போறவன் மேல வரலன்னா தங்கச்சி தாலி போயிடுமில்ல? அதனால கண்ணை எடுக்க மாட்டான், கயித்தை விட மாட்டான்னு ஒரு நம்பிக்கை. அமுக்குங்க டீச்சர்.”

“அப்பிடியா!” என்றார் டீச்சர்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு முத்துக்குளிப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறோம் என்பது தணிகாசலத்துக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் அவசரம் அவருக்கு.

“உங்க படத்துல இந்த மச்சான் எப்பிடி?”

“தூக்கிட்டேன். கேம்ல அந்தக் கயிறு சும்மா அழகுக்குத்தான். சவரி தானாத்தான் மேல வரணும். ‘அவனை நாங்க பாக்கறதே இல்ல சார், தள்ளிவிட்டுட்டுப் போயிடுவோம்’னு ரிஷாத்தும் சொன்னான். மச்சான் பொம்மையெல்லாம் பண்ணி முடிச்சாச்சு டீச்சர், முகம், கை, நரம்பு புடைக்கறது வரைக்கும். ஆனா என்ன பிரயோசனம்? சும்மா நிக்கறான். கீழ என்னென்னவோ நடக்குது, இவன் மேல நின்னு தண்ணியையே பாக்கறான். ஒரு வேலை கிடையாது. கம்ப்யூட்டர்ல ஒரு ஓரமாப் போட்டு வச்சிருக்கேன்.”

“ம்” என்றார் டீச்சர். அமுக்கினார். சவரி குதித்தான்.

அதற்கப்புறம் நடந்ததைத் தணிகாசலம் சாகும்வரை மறக்க மாட்டார். எத்தனையோ பேர் விளையாடிப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லை. நேரே கீழே போய், இரண்டு சிப்பியை எடுத்துக்கொண்டு, மேலே வருவதுதான் முதல் கட்டம். எல்.கே.ஜி. பிள்ளை செய்யும். டீச்சர் என்ன செய்தார்? சவரியை ஒரு மீன்கூட்டத்தின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

“எங்க போறீங்க?”

“மீன் நல்லாருக்கு சார்.”

“டீச்சர், மூச்சு!”

“எங்க?”

“ஓரத்துல! நீலக் கோடு!”

“ஓ, இதா?” என்று டீச்சர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு தீர்ந்தது. சவரி கையும் காலும் விரிய அப்படியே மிதந்தான். படகில் இருந்த மச்சான் முண்டாசை அவிழ்த்தான்.

“ஐயோ பாவம்” என்றார் டீச்சர்.

“பரவாயில்ல. மறுபடி போடுங்க.”

மறுபடியும் செத்தான். இந்தத் தடவை பாறைக்கடியில் தலையைக் கொடுத்து. அதற்கடுத்து, மேலே வர வேண்டிய நேரத்தில் டீச்சர் விரல் வழுக்கி இன்னும் கீழே போனான். ஒரு முறை எந்த ஆபத்தும் இல்லாமல், வெறுமனே நின்ற இடத்தில் நின்றபடி செத்தான். டீச்சருக்குத் தும்மல் வந்துவிட்டது.

“டீச்சர், குடுங்க, நான் ஒரு தடவை காட்டறேன்.”

“நீங்க பேசாம இருங்க.”

“எப்படிப் பேசாம இருக்கறது? கண்ணு முன்னாடி கொல்றீங்களே!”

“விளையாட்டுத்தானே சார்.”

விளையாட்டுத்தான். அது தணிகாசலத்துக்குத் தெரியாதா? அந்த சவரியின் ஒவ்வொரு முடியையும் படத்துக்காக அவர் கணினியில் வரைந்திருக்கிறார். அவன் சாக முடியாத பொம்மை என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைத்தார். போகவில்லை. சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். இன்னும் கொஞ்சம் வந்தால் தரையில் விழுவார்.

இன்னொரு முறை சவரி மிதந்தபோது டீச்சர் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போகவில்லை. முண்டாசை அவிழ்த்து நிற்கும் மச்சானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவன் இனி கரைக்குப் போயி தங்கச்சிட்ட என்னன்னு சொல்லுவான்?”

“டீச்சர்! அவன் எங்கயும் போக மாட்டான். அமுக்கினா மறுபடி முதல்லேர்ந்து நிப்பான்!”

“சரி, சரி. கோவப்படாதீங்க.”

அமுக்கினார். சவரி குதித்தான். எப்படியோ இந்தத் தடவை நேராகக் கீழே போனான். ஒரு சிப்பி எடுத்தான். இன்னொன்று எடுத்தான்.

“போதும். மேல வாங்க.”

“அந்தா, குகைக்குள்ள ஒண்ணு மின்னுது.”

“வேணாம் டீச்சர். அது அடுத்த கட்டத்துக்கு உள்ளது. உங்களால முடியாது.”

“பைய போயிட்டு வந்திருதேன்.”

“டீச்சர், சொன்னா கேளுங்க! மூச்சு பாதிதான் இருக்கு!”

கேட்டால்தானே. சவரி குகைக்குள் போனான். குகை இருட்டு. டீச்சருக்குத் திருப்பத் தெரியவில்லை. சுவரில் முட்டினான். முத்தை எடுத்துவிட்டான், ஆனால் வந்த வழி தெரியவில்லை. நீலக் கோடு சிவப்பாகிவிட்டது.

“வலது! வலது பக்கம்!”

“எது வலது?”

“சோத்துக்கை பக்கம் டீச்சர்! உங்க சோத்துக்கை!”

இடது பக்கம் முட்டினான். அந்த முட்டாள்தனமான, வழி தெரியாத, தத்தளிக்கிற சவரிக்காக அவர் இதுவரை இப்படிப் பதறியதே இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட. அவர் படத்து சவரி தப்பே செய்ய மாட்டான். இவனோ செத்துக்கொண்டிருக்கிறான்.

“திரும்பு! டேய், திரும்புடா! வந்த வழியே வா!”

திரும்பினான். எதில் பட்டுத் திரும்பினானோ, குகையை விட்டு வெளியே வந்தான். மேலே வெகுதூரத்தில் படகின் அடிப்பாகம் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது. சிவப்புக் கோடு நூலாகிவிட்டது.

“சார், வயரு” என்றார் டீச்சர், கண்ணை எடுக்காமல்.

தணிகாசலம் காதில் எதுவும் விழவில்லை. “வாடா... வா வா வா... மேல பாரு, கீழ பாக்காத... இன்னும் கொஞ்சம்... வந்துடுடா ராசா...”

சவரியின் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

“வந்துட்டான்!”

தணிகாசலம் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. இவ்வளவு நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. கண்ணில் நீர் வேறு. முதல் கட்டம். முதல் கட்டம்தான் முடிந்திருக்கிறது. எதற்காக இப்படி அழ வேண்டும்? வெட்கமாக இருந்தது. வெட்கம் எரிச்சலானது.

டீச்சர் போனை மேஜையில் வைத்தார். அது ஒரு முறை மினுக்கிவிட்டு அணைந்துபோனது. சாவகாசமாக விரல்களை நெட்டி முறித்தார்.

“நல்ல கேம் சார்.”

“நல்ல கேமா?” தணிகாசலத்துக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “மதியம் பூரா போச்சு டீச்சர்! என் பொழப்பு என்னாகுமோன்னு ஓடி வந்தா, நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து அவனைக் கொன்னு கொன்னு விளையாடறீங்க. நானும் வேலையத்தவன் மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். வந்ததுக்கு ஒரு பதில் உண்டா? தியேட்டர்ல சும்மா உக்காந்திருக்கறவன் கையை என்ன பண்றதுன்னு கேட்டேனே, அதுக்கு ஒரு வார்த்தை சொன்னீங்களா?”

டீச்சர் காலி மோர் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார்.

தணிகாசலத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

“அவருதான்” என்றார் தணிகாசலம். “கோதண்டபாணி. நான் என்ன சொல்லட்டும்?”

“எடுங்க. காத்திருக்காருல்ல?”

எடுக்கப் போனார். கை வரவில்லை. குனிந்து பார்த்தார்.

வெள்ளை வயர் அவருடைய வலது உள்ளங்கையைச் சுற்றி இறுக்கிக் கிடந்தது. இடது கை அதற்குக் கீழே இன்னொரு பிடி பிடித்திருந்தது. போன் பக்கத்திலிருந்து பிடிப்பிடியாக இழுத்து இழுத்துச் சேர்த்த வயர் மடிமேல் குவியலாகக் கிடந்தது. எப்போதோ போனிலிருந்து கழன்று வந்துவிட்ட அதன் நுனி, அவர் முழங்காலில் தொங்கி ஆடியது. விரல்கள் வெளுத்து, புறங்கையில் நரம்பு புடைத்திருந்தது. அந்தக் கையை, அந்த நரம்பை, மச்சானுக்கு அவர் வரைந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் ஒரு ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

டீச்சர் சொன்னார்:

“வயரை விடுங்க சார். சவரி மேல வந்துட்டான்.”